அப்பா சத்தமாகப் பாடுகிறார்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். கடிதம் என்றால் சுகத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதிய சுகம் இல்லை இது, நிஜமான சுகம், அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இத்தனை தாள். நீ அங்கே கழுத்துவலி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார், அவரைப் பற்றி அவர் காதுபடப் பேச எனக்கு மனசு வரவில்லை. மெசேஜில் எழுதலாம் என்றால் கட்டைவிரலால் தட்டித் தட்டி ஒரு வரி முடிப்பதற்குள் சொல்ல வந்தது பாதி மறந்துவிடுகிறது. அதனால் துணி வெட்டும் மேஜையை ஒழித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீட்டுக்காரம்மா ஜன்னல் திரைக்கு நீலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டு, நான் தைத்து முடித்த பிறகு பச்சையாக இருந்திருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நன்றாக யோசிக்கட்டும், அதுவரை எனக்கு ஓய்வு.

முதலில் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நீ அப்பாவிடம் பேசி வெகுநாள் ஆகிவிட்டது. அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, நடக்கிறாரா என்று மெசேஜ் மட்டும் தவறாமல் வருகிறது, குரல் வருவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்து அவர் பேச்சு நின்றபோது நீ தினமும் கூப்பிட்டாய், நீயே பேசினாய், அவர் ம் என்று மட்டும் சொன்னார், அதுவே உங்கள் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது. அந்த ஒரு சாயங்காலம்தான் எல்லாம் கெட்டது. அவரே கையை நீட்டி என்னிடமிருந்து போனைக் கேட்டு வாங்கி, இடது கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க முக்கி முனகி, “வாளி” என்றார். நீ என்னப்பா என்று கேட்டாய். மறுபடியும் அதையே சொன்னார். நான் பதறிப்போய் போனைப் பிடுங்கி, அப்பா களைத்துப் போயிருக்கிறார் என்று ஏதோ சமாளித்தேன், நீ அந்தப் பக்கம் அழுவது கேட்டது. பெற்ற மகளை வாளி என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் தாங்கும். மறுநாள் நீ அனுப்பியது இன்னும் என் போனில் இருக்கிறது. “அப்பாவுக்கு நான் யாருன்னே தெரியலம்மா. இனிமே நான் கூப்பிட்டு அவரைக் கஷ்டப்படுத்த வேணாம்.” அதற்கு நான் பதில் போடவில்லை, பதில் என்னிடம் இல்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்பதுதான் உண்மை. இப்போது பதில் கிடைத்திருக்கிறது, ஆனால் அதை நடந்த வரிசையில் சொன்னால்தான் உனக்குப் புரியும், அவசரப்படாமல் படி.

அப்பாவின் குரல் என்ன குரல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்தே காலம் தள்ளியவர், வண்டி தாமதம் என்று அவர் சொன்னால்கூடக் கேட்கிறவனுக்குக் கோபம் வராது. சபையிலும் வேதம் வாசிப்பது அவர்தான். என்ன ஒன்று, தீர்க்கதரிசி வருகிறார் என்று அவர் வாசித்தால் கடைசி வரிசையில் இருப்பவர்கள் பையைத் தேடுவார்கள். அது கர்த்தர் கொடுத்த வரம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் பெருமையும் பட்டேன். அதையே பார்த்து எடுத்துக்கொண்டதும் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறவரா நீர், உமக்கு வாசித்த வாய்தானே அது, வேறு வாயே கிடைக்கவில்லையா என்று சமையலறையில் நின்று பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாகச் சண்டை போட்டேன். அப்பாவோ ஒரு ஞாயிறுகூட வீட்டில் இருக்க மாட்டேன் என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் இடத்தில் எலக்ட்ரிக் கடைக்காரர் வாசிக்கிறார், பாவம் நல்ல மனிதர், ஆனால் முற்றுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, கேட்கிற நமக்கும் தெரியாது. பாட்டு வரும்போது அப்பா எழுந்து நின்று, எல்லாரோடும் சேர்ந்து வாயை அசைப்பார், சத்தம் வராது. பக்கத்தில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் துடைக்கவில்லை. ஏனென்றால் அவர் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பது எனக்குப் புதிது இல்லையே, நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தானே.

உனக்கு இந்தக் கதை முழுசாகத் தெரியுமோ என்னவோ. பாடகர் குழுவை நடத்தும் உன் பெரிய மாமாவுக்குச் சுருதி கொஞ்சம் விலகினாலும் பல் கூசும். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில், மாப்பிள்ளை குரல் இவ்வளவு கம்பீரமாக இருக்கிறதே என்று ஆசையாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார். பேசும்போது தேனாக இருக்கும் அந்தக் குரல் பாடும்போது எந்தப் பக்கம் போகும் என்று கடவுளுக்கே வெளிச்சம், ஒரே பாட்டில் நாலு பாட்டு கேட்கும். மாமா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மரியாதை குறையாமல், “மாப்பிள்ளை, நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். உன் அப்பா சரி என்று தலையாட்டினார், அன்றோடு சரி. குழுவை விட்டு வந்த பிறகும், வீட்டு ஜெபத்திலும், நீ தொட்டிலில் கிடந்தபோதும், வாய் அசையுமே தவிர சத்தம் வராது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் உன் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை, பல நேரம் அதுவே எனக்குத் தலைவலி.

வாரத்துக்கு இரண்டு தடவை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம் என்று உனக்குத் தெரியும். சின்ன அறை, ஒரு கண்ணாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், படம் போட்ட அட்டைகள். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், யோசிக்கும்போது பேனாவைக் கடிப்பாள், உன்னைப் போலவே. உன்னோடு பேசிய அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அப்பா அந்த அறையிலும் வாயைத் திறக்கவில்லை. அட்டையைக் காட்டினால் பார்ப்பார், உதட்டைப் பூட்டிக்கொள்வார், ம் கூட இல்லை. அந்தப் பெண் தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் முயற்சி செய்து பார்த்துவிட்டு, ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டு, அவர் பாடுவாரா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயோ அவருக்குப் பாடத் தடை இருக்கிறது என்று மாமா கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்தாள். பேச்சு வேறு, பாட்டு வேறு, பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு வரும், ஒரு தடவையாவது பாடிப் பார்த்தாரா என்று கேட்டாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கண் முன்னால் வாயை அசைத்துக்கொண்டு நின்றாரே, அது வராத பாட்டா, பாடாத பாட்டா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவரிடம் பாடுங்கள் என்று இரண்டு பேரும் கெஞ்சினோம். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, மாமா வீடு இருக்கும் திசையில் கையைக் காட்டினார்.

விட்டேனா பார் என்று நேரே உன் மாமாவிடம் போனேன். அடுத்த தடவை மாமாவும் எங்களோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார், நூறு பேர் முன்னால் கையைத் தூக்கிப் பாட வைக்கிற மனிதருக்கு அங்கே கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அப்பாவின் முழங்காலில் வைத்தார். “மாப்பிள்ளை, சத்தமாப் பாடுங்க” என்றார். ஆராதனை முடிவில் பாடுவோமே ஸ்தோத்திரப் பாட்டு, அதை மாமாவே தொடங்கினார், முதல் வரி தனியாகப் பாடினார். இரண்டாவது வரியில் அப்பா சேர்ந்துகொண்டார். வார்த்தை, முழு வார்த்தை, ஒன்றன் பின் ஒன்றாக, மாமா ஒரு பக்கம் போக இவர் இன்னொரு பக்கம் போக, அந்த அறையே அதிர்ந்தது. பக்கத்து அறையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்து என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார். சுருதி விலகினால் பல் கூசும் உன் மாமா, கண்ணில் தண்ணீர் ஊற்ற, தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். கர்த்தரிடம் போட்ட சண்டைக்கெல்லாம் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன், மகளே, என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அதன் பிறகு இங்கே ஒரே கச்சேரிதான். பேசச் சொன்னால் இன்னும் வரவில்லை, ராகத்தில் ஏற்றினால் வருகிறது. அந்தப் பெண் சின்னச் சின்ன வாக்கியங்களை மெட்டில் வைத்து, இடது கையால் தட்டித் தட்டிச் சொல்லப் பழக்குகிறாள். இப்போது உன் அப்பா காபி கேட்பது திருவிருந்துப் பாட்டின் மெட்டில். அவ்வளவு பயபக்தியோடு கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது, இரண்டாவது காபியும் வாங்கிவிடுகிறார். கண்ணாடியைக் காணவில்லை என்பதற்கு ஒரு மெட்டு, வெளியே போகலாம் என்பதற்கு ஒரு மெட்டு. சபையில் முதல் தடவை வாயைத் திறந்து பாடிய ஞாயிறு, முன் வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஆர்கன் வாசிக்கிறவர் ஒரு நிமிஷம் விரலை எங்கே வைப்பது என்று தடுமாறிப் போனார். போதகர் அவரை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்க ஆசைப்பட்டார், அப்பா கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். சரி என்று போதகர் பெயர் சொல்லாமல் வரங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், மொத்தச் சபையும் திரும்பி இவரையே பார்த்தது, பெயர் சொல்லியிருந்தாலே தேவலை.

உனக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் புதன்கிழமைகளில் பேச்சு நின்று போனவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பாட வைக்கிறாள். உன் மாமா நல்ல எண்ணத்தில் பாடகர் குழுவையே அழைத்துக்கொண்டு போனார். அருமையாகப் பாடினார்கள். அங்கே இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள், முடிந்ததும் முடிந்தவரை கை தட்டினார்கள், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவள் அப்பாவை மட்டும் வரச் சொன்னாள். அங்கே ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். பேச்சு போனதிலிருந்து மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அவர் நம் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை, அதனால் எல்லாருக்கும் தெரிந்த பழைய தாலாட்டு ஒன்றை எடுத்தார்கள். அப்பா பாடினார். டிரைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா அடுத்த அடியை இன்னும் மோசமாகப் பாடினார். டிரைவர் நெற்றியைச் சுருக்கினார். மூன்றாவது அடி வந்ததும் அந்த மனிதர் தாங்க முடியாமல் திரும்பி, கையை நீட்டி அப்பாவை நிறுத்தி, அந்த வரியைச் சரியாகப் பாடிக் காட்டினார். அவர் மனைவி கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், வேண்டுமென்றே இன்னொரு தடவை தப்பாகப் பாடினார் என்று நான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

இப்போது புதன்கிழமை என்றால் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அந்தப் பெண் என்னிடம் சொன்னாள், “நல்லாப் பாடுறவங்க முன்னாடி இவங்க வெக்கப்படுறாங்க ஆன்ட்டி. இவர் முன்னாடி யாருக்கும் வெக்கமில்ல.” நான் இதை மாமாவிடம் சொன்னேன். மாமா, கர்த்தர் கொடுத்த வரத்தை இத்தனை வருஷம் நான்தான் பூட்டி வைத்திருந்தேனா என்று வருத்தப்பட்டார். அப்படி இல்லை அண்ணா, அப்போதே திறந்து விட்டிருந்தால் உன் குழு கலைந்து போயிருக்கும் என்றேன், சிரித்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நன்றியில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. வரம் என்றால் நாம் நன்றாகச் செய்வது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நன்றாகச் செய்ததை ஆண்டவர் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இவருக்குச் சுத்தமாக வராது என்று விட்டிருந்ததை எடுத்து ஊழியத்தில் போட்டுக்கொண்டார். அது கிருபை இல்லாமல் வேறு என்ன, இதில் நாங்கள் சம்பாதித்தது ஒன்றும் இல்லை.

இனி உன் விஷயம். உன் பெயரை அப்பாவால் பாடவாவது முடியுமா என்று போன வாரம் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பெயர்கள்தான் கடைசியில் வரும், சிலருக்கு வராமலும் போகலாம், உங்கள் பெயரும் அவருக்கு இன்னும் வரவில்லை என்றாள். பிறகு பேச்சோடு பேச்சாக, அவர் முதல் சொல் வந்த அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டார், அப்புறம் ஏன் அப்படி வாயை மூடிக்கொண்டார் என்று தனக்கு இன்னும் விளங்கவில்லை என்றாள். எந்த முதல் சொல் என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி என்று அவளே திகைத்துப் போனாள். நான் ஒரு வீட்டில் திரை மாட்டப் போன நாள் அது, மாமாதான் அவரைக் காரில் அழைத்துக்கொண்டு போனார், உள்ளே போகாமல் வண்டியிலேயே இருந்துவிட்டார், அதனால் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நோயில் படுத்து எழுந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. அட்டையில் இருந்த படம் வாளி. அன்று காலை முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாராம், மறந்துவிடாமல் இருக்க வாசல் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனாராம். மாமாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் நீ கூப்பிட்டதும் கையை நீட்டிப் போனை வாங்கினார். அவர் உன்னை மறந்து போய் அப்படிக் கூப்பிடவில்லை, கண்ணு. அன்றைக்கு அவரிடம் இருந்ததே அந்த ஒரு சொல்தான், அதை உனக்குக் கொடுத்தார்.

நீ அழுததும் அவருக்குக் கேட்டது, நான் போனைப் பிடுங்கியதையும் பார்த்தார், அதனால்தான் அத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் போன் மணி அடித்தால் எழுந்து பக்கத்தில் வந்து நிற்பார், கையை மட்டும் நீட்ட மாட்டார். நீ ஒரு தடவை, எனக்கு ஊழியம் செய்ய எந்த வரமும் இல்லைம்மா, ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருடைய புகாரையோ கேட்கிறேன் என்று அலுத்துக்கொண்டாய். முகம் தெரியாத ஒருவர் கோபத்தில் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் திணறினாலும், அவர் சொல்ல வந்தது பிடிபடும் வரைக்கும் குரலை உயர்த்தாமல் காத்திருக்கிறாயே, அது எல்லாருக்கும் வருமா. எனக்கு வராது, நான் போனைப் பிடுங்கியவள். உன்னிடம் இருக்கிறது, அதில் கொஞ்சம் அப்பாவுக்கும் கொடு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனை முடிந்து வந்ததும் கூப்பிடு, போனை நான் அவர் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். அவருக்குத் தொடங்க நேரமாகும், நீ முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதே. பாடினால் சிரித்துவிடாதே, சிரிப்பு வரும், எனக்கும் வருகிறது. அவர் வாயில் எந்தப் பெயர் வந்தாலும், வாளி என்றே வந்தாலும், உன் சொந்தப் பெயரைக் கேட்டது போல் “சொல்லுங்கப்பா” என்று சொல்லு.

கழுத்துக்கு வைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை ஒன்று தைத்து அனுப்புகிறேன், அந்த நீலத் துணியில்தான், வீட்டுக்காரம்மா கடைசியில் பச்சைக்கு மாறிவிட்டார். கண்ணுக்கு அடிக்கடி ஓய்வு கொடு, ஜெபிக்காமல் படுக்காதே. ஆண்டவர் உன் கூடவே இருந்து, நீ பேசுவதிலும் காத்திருப்பதிலும் தம்முடைய கிருபையை வைத்து நடத்துவாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, அதை அவரே ஞாயிற்றுக்கிழமை சொல்லுவார்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
அம்மா